கோல்ஃப் குச்சி வாங்குவதற்கு முன்: திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகள்

சனிக்கிழமை காலை நந்தனத்தில் பயிற்சி முடித்துவிட்டு டீயோடு உட்கார்ந்தால் யாராவது ஒருவர் வந்து என் பையை எட்டிப் பார்ப்பார். "இது என்ன செட் சார்?" என்று ஆரம்பிப்பார். அடுத்த அரை மணி நேரம் கேள்விகள்தான். ஆள் மாறுவார், கேள்வி மாறாது. நான் பயிற்சியாளர் கிடையாது, கடையும் வைத்திருக்கவில்லை. ஹேண்டிகேப் 19 (ஆட்டத்தில் எனக்குக் கிடைக்கும் சலுகை அடிகள், எண் குறையக் குறைய நல்ல ஆட்டக்காரர்). தப்பாக வாங்கி, பாதி விலைக்கு விற்று, மறுபடி வாங்கிய அனுபவம் மட்டும் ஏராளம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். இடது, வலது என்று வரும் இடமெல்லாம் வலது கை ஆட்டக்காரரை மனதில் வைத்து எழுதியது. இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

1. முதல் நாளே முழு செட்டும் வாங்கணுமா சார்?

வேண்டாம். முதல் இரண்டு மாதம் எதையுமே வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ரேஞ்சில், அதாவது பயிற்சி மைதானத்தில், ஒரு 7 ஐயனை (ஐயன் என்பது இரும்புத் தலைக் குச்சி) இரவல் வாங்கி அடியுங்கள். பத்துப் பந்தில் குறைந்தது ஐந்து தரையை விட்டு ஒழுங்காக எழும்பட்டும், அப்புறம் கடைக்குப் போகலாம். ஸ்விங், அதாவது குச்சியைச் சுற்றும் விதம், ஓரளவு படியாமல் வாங்குவது, பையன் வளர்வதற்கு முன்பே கல்யாண சட்டை தைப்பது மாதிரி.

விதிப்படி ஒரு ரவுண்டுக்கு (18 ஹோல், அதாவது 18 குழி ஆட்டம்) பையில் அதிகபட்சம் 14 கிளப், அதாவது குச்சி, வைத்திருக்கலாம். 14 இருந்தே ஆகவேண்டும் என்று எங்கேயும் இல்லை. ஆரம்பத்துக்கு ஆறேழு தாராளம்: ஒரு 5 வுட் அல்லது ஹைபிரிட், 7 ஐயன், 9 ஐயன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ் (வெட்ஜ் எல்லாம் கிட்டத்து ஷாட்டுக்கு), பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர். டெகத்லானின் இனெசிஸ் பிராண்டில் இப்படி ஆரம்பக்காரருக்கென்றே பாதி செட் வருகிறது, அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். பை இலேசாக இருக்கும், சென்னை வெயிலில் தோளுக்கு அதுவே பெரிய உபகாரம்.

2. இத்தனை நம்பர் எதுக்கு? எது எதுக்குன்னு ஒரு வார்த்தையில சொல்லுங்க.

நம்பர் கூடக் கூட, பந்தில் படும் முகத்தின் சாய்வு கூடும், குச்சியின் நீளம் குறையும். பந்து உயரமாகப் போய்க் கிட்டத்தில் விழும். நம்பர் குறைந்தால் எல்லாம் தலைகீழ். அந்தச் சாய்வுக்குத்தான் லாஃப்ட் என்று பெயர், டிகிரியில் சொல்வார்கள். வெகுதூரம் அடிக்கும் டிரைவருக்குப் பத்து டிகிரி பக்கம், சாண்ட் வெட்ஜுக்கு 54 முதல் 56. நடுவில் இருப்பதெல்லாம் படிக்கட்டு. வுட் என்பது டிரைவர் வகையைச் சேர்ந்த பெருந்தலைக் கிளப், பெயருக்குத்தான் மரம். 1979-இல் டெய்லர்மேட் கம்பெனி எஃகுத் தலை வைத்த டிரைவரைக் கொண்டுவந்த பிறகு மரம் மெதுவாக மறைந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஹைபிரிட் என்பது ஐயனுக்கும் வுட்டுக்கும் நடுவில் உள்ளது. 3, 4 ஐயன்களை நம்மால் எழுப்ப முடியாது என்பதால் அந்த இடத்தை அது பிடித்துக்கொண்டது.

3. புதுசு வாங்கலாமா, செகண்ட் ஹேண்டே போதுமா?

ஐயனுக்குச் செகண்ட் ஹேண்ட் மிகவும் நல்லது. ஐந்தாறு வருஷம் பழைய ஐயனுக்கும் இந்த வருஷத்து ஐயனுக்கும் நம் கையில் பெரிய வித்தியாசம் தெரியாது. அமெரிக்காவுக்கோ துபாய்க்கோ மாற்றலாகிப் போகிறவர்கள் செட்டை விட்டுப் போவது இங்கே அடிக்கடி நடக்கிறது. கேடிகளிடம் (ஆடுபவரின் பையைத் தூக்கி வரும் உதவியாளர்கள்) சொல்லி வைத்தால் முதலில் அவர்களுக்குத்தான் சேதி வரும்.

வாங்கும்போது வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். முகத்தில் உள்ள கோடுகளின் மேல் நகத்தை ஓட்டினால் சிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் தேய்ந்துவிட்டது. வெட்ஜில் முதலில் தேய்வது இதுதான். தலையும் குச்சியும் சேரும் இடத்தில் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும், பெயர் ஃபெரூல். அது மேலே ஏறி, கீழே முடி நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால் உள்ளே பசை தளர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. ஸ்டீல் ஷாஃப்டை, அதாவது தலைக்கு மேலுள்ள தண்டை, விரல் இடுக்கில் வைத்து மேலிருந்து கீழே தடவுங்கள், சின்னப் பள்ளம் இருந்தாலும் வேண்டாம். கிராஃபைட்டில் பெயிண்ட் உரிந்தால் பரவாயில்லை, நூல் பிரிந்திருந்தால் ஆகாது. கிரிப் (கைப்பிடி உறை) மட்டும் பளபளவென்று காய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், மாற்றிவிடலாம். விலையில் குறைக்கச் சொல்ல அதுவே காரணமும்.

4. மொத்தமா எவ்வளவு ஒதுக்கணும்?

தொகையைச் சொன்னால் அடுத்த வருஷம் தப்பாகிவிடும், அதனால் பங்காகச் சொல்கிறேன். உங்களிடம் உள்ளது பத்துப் பங்கு என்றால் மூன்றைப் பயிற்சிக்கு எடுத்து வையுங்கள். ஐயனுக்கும் வெட்ஜுக்கும் மூன்று. வுட் அல்லது ஹைபிரிட்டுக்கு ஒன்று, பட்டருக்கு ஒன்று. ஷூ, கிளவ், பந்து, பை எல்லாம் மீதியில். பத்தையும் கிளப்பிலேயே போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறே மாதத்தில் அந்த செட் 'ஒரு முறைகூட அடிக்கல சார்' என்ற குறிப்போடு விற்பனைக்கு வரும். கேள்வி 3-இல் சொன்ன செகண்ட் ஹேண்ட் பெரும்பாலும் அப்படி வந்ததுதான்.

5. பிளேடு ஐயன்தான் உண்மையான ஐயன்னு ஒருத்தர் சொன்னார். நிஜமா?

அவர் பார்வைக்குச் சொல்லியிருப்பார். பிளேடு அழகாக இருக்கும், கத்தி மாதிரி மெல்லியது, நடுவில் பட்டால் கைக்கு வரும் சுகமே தனி. நடுவில் பட்டால் என்பதுதான் சிக்கல். எடை முழுக்க நடுவில் குவிந்திருப்பதால் கால் அங்குலம் விலகிப் பட்டாலும் தலை திரும்பிக்கொள்ளும். தூரம் போச்சு, திசையும் போச்சு.

பின்பக்கத்தைக் குடைந்து, அந்த எடையை ஓரத்துக்குத் தள்ளினால் தலை அவ்வளவு சுலபத்தில் திரும்பாது. அதுதான் கேவிட்டி பேக். இந்த யோசனையைப் பரப்பியதில் கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியாளருக்குப் பெரிய பங்கு. தன் பட்டர் சரியாகப் போகவில்லை என்ற எரிச்சலில், எடையை இரண்டு ஓரத்துக்கும் பிரித்து 1959-இல் ஒரு பட்டர் செய்தார். பந்தில் பட்டால் 'பிங்' என்று சத்தம் வந்தது, அதுவே கம்பெனியின் பெயராகிவிட்டது. ஹேண்டிகேப் பத்துக்கு மேல் இருக்கும் எல்லாருக்கும் என் பதில் கேவிட்டிதான்.

6. ஸ்டீலா, கிராஃபைட்டா? அப்புறம் அந்த ஆர், எஸ் எழுத்து என்ன?

ஸ்டீல் ஷாஃப்ட் ஏறத்தாழ 95 முதல் 130 கிராம், கிராஃபைட் 50 முதல் 85 கிராம். எடை குறைந்தால் வேகம் கொஞ்சம் கூடும், கைக்கு அதிர்வு குறைவாக வரும். முழங்கை வலி உள்ளவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள், ரேஞ்சில் கட்டாந்தரை மாதிரியான பாயில் நூறு நூறாக அடிப்பவர்கள் யோசிக்காமல் கிராஃபைட்டுக்குப் போகலாம். மற்றவர்கள் ஐயனில் இலேசான ஸ்டீல் வைத்துக்கொள்ளலாம், விலையும் குறைவு. டிரைவர், வுட்டுக்கு இன்று எல்லாரும் கிராஃபைட்தான்.

எழுத்து, ஷாஃப்ட் எவ்வளவு வளையும் என்பதைச் சொல்கிறது. எல் மிகவும் வளையும், பிறகு ஏ (சீனியர் என்றும் போடுவார்கள்), ஆர், எஸ், எக்ஸ். டிரைவரை மணிக்கு 85 முதல் 95 மைல் வேகத்தில் சுற்றுகிறவருக்கு ஆர் பொருந்தும், வாரக் கடைசியில் மட்டும் ஆடும் ஆண்களில் பெரும்பாலோர் இதற்குள் அடங்கிவிடுவார்கள். ஆனால் ஒரு கம்பெனியின் ஆர் இன்னொன்றின் எஸ் மாதிரி இருக்கும், பொதுவான அளவுகோல் கிடையாது. என் முதல் செட் எஸ் ஷாஃப்ட் போட்ட பிளேடு. 'நல்ல வலுவான ஆளு, எஸ்தான் சரி' என்று விற்றவர் சொன்னதில் மயங்கிவிட்டேன். ஒன்றரை வருஷம் எல்லாப் பந்தும் தாழ்வாக வலது பக்கம் போனது. தப்பு என் ஸ்விங்கில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி அதுதான், மீதி ஷாஃப்ட்.

7. நான் அஞ்சடி நாலு. கிளப்பை வெட்டணுமா?

உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஷூ போட்டு நேராக நின்று, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை அளக்கச் சொல்லுங்கள். குள்ளமாக இருந்து கை கட்டையாகவும் இருந்தால் சாதாரண நீளமே பொருந்திவிடும். நீளமான கை என்றால்தான் குறைக்க யோசிக்க வேண்டும். அப்போதும் முதலில் கிரிப்பில் அரை அங்குலம் கீழே பிடித்து ஒரு மாதம் ஆடிப் பாருங்கள். வெட்டினால் ஷாஃப்ட் விறைப்பாகும், தலையின் கனம் கையில் குறைந்து தெரியும். ஒட்டுப் போடுவது பிறகு பெரிய வேலை.

நீளத்தைவிட முக்கியம் லை கோணம், அதாவது கிளப்பின் அடிப்பாகம் தரையில் எப்படி உட்காருகிறது என்பது. வீட்டிலேயே பார்க்கலாம். வெள்ளைப் பலகைக்கு எழுதும் மார்க்கரால் பந்தில் தடித்த நேர்க்கோடு போடுங்கள். கோடு செங்குத்தாக நிற்க, கிளப் முகத்தைப் பார்த்தபடி வைத்து அடியுங்கள். முகத்தில் கோடு பதியும். செங்குத்தாகப் பதிந்தால் சரி. மேல்நுனி டோ பக்கம், அதாவது கிளப்பின் வெளிமுனைப் பக்கம் சாய்ந்தால், அடிக்கும்போது டோ தூக்கிக்கொள்கிறது, பந்து இடது பக்கம் ஓடும். ஹீல் பக்கம், அதாவது ஷாஃப்ட் சேரும் பக்கம் சாய்ந்தால் எதிர்மாறு. ஒன்றிரண்டு டிகிரி வளைத்துக் கொடுக்க ஆள் உண்டு. அடித்துச் செய்த ஐயன் சுலபமாக வளையும், வார்த்த ஐயனில் ஜாக்கிரதை.

8. கிரிக்கெட்ல இடது கை பேட்டிங், எழுதுறது வலது கை. எந்த கிளப் வாங்குறது?

தெருவுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். இரண்டு பக்கமும் இரவல் கிளப்பில் முப்பது முப்பது பந்து அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் பேட்டிங் பக்கம்தான் உடம்பு தானாகத் திரும்பும். அமெரிக்க கோல்ஃப் வீரர் ஃபில் மிக்கெல்சன் மற்ற எல்லாவற்றிலும் வலது கைக்காரர். சின்ன வயதில் அப்பாவின் எதிரே நின்று கண்ணாடியில் பார்ப்பது போல் பழகியதால் இடது பக்கம் ஆடுகிறார்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று. இடது கை செட் இங்கே செகண்ட் ஹேண்டில் கிடைப்பது குதிரைக்கொம்பு, விற்பதும் கஷ்டம். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் வலது பக்கமே ஆடுங்கள், பணம் மிச்சம்.

9. டிரைவர் இல்லாம எப்படி சார்? எல்லாரும் டிரைவர்லதான அடிக்கிறாங்க.

அடிக்கிறார்கள், பிறகு மரத்துக்குள் பந்தைத் தேடுகிறார்கள். பையில் மிக நீளமான குச்சி, மிகக் குறைந்த லாஃப்ட், நேராக அடிக்க மிகக் கடினம். 5 வுட் பத்துக்கு ஆறு முறை ஃபேர்வேயில், அதாவது நடுப் புல்வெளியில், விழ ஆரம்பித்ததும் டிரைவர் வாங்குங்கள். வாங்கும்போது 9 டிகிரி பக்கம் போகாதீர்கள், 10.5 அல்லது 12. வேகம் குறைந்தவருக்குப் பந்து காற்றில் நிற்க லாஃப்ட் வேண்டும். விதிப்படி தலையின் கொள்ளளவு 460 சி.சி.யைத் தாண்டக் கூடாது, இன்று வருபவை பெரும்பாலும் அந்த உச்சத்திலேயே இருக்கும்.

தூரம் போதவில்லை என்ற கவலை உள்ளவர்களுக்கு இந்திய வீராங்கனை அதிதி அசோக்கைத்தான் உதாரணம் சொல்வேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் தன்னைவிட வெகுதூரம் அடிப்பவர்களோடு ஆடி, ஒரே ஸ்ட்ரோக் (அடி) வித்தியாசத்தில் பதக்கத்தை விட்டு நான்காவது இடம் வந்தார். அவரைக் காப்பாற்றியது கிரீனை, அதாவது குழி இருக்கும் வழுவழுப்பான புல்பரப்பை, சுற்றியுள்ள ஆட்டமும் பட்டரும்.

10. என் 7 ஐயன் 140 யார்டு, ஃப்ரெண்டோட 7 ஐயன் 160 போகுது. நான் அவ்வளவு வீக்கா?

முதலில் இரண்டு கிளப்பின் லாஃப்டையும் பாருங்கள். பழைய காலத்து 7 ஐயன் 35, 36 டிகிரி இருக்கும். இன்றைக்கு ஆரம்பக்காரருக்கென்று வரும் 7 ஐயன் 30, சிலது 28-க்கும் கீழே. நீளமும் கொஞ்சம் கூட. அவர் கையில் இருப்பது உங்களுடைய 6, ஏன் கிட்டத்தட்ட 5. அடியில் 7 என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். கடையில் அடித்துப் பார்ப்பவருக்கு 'அட, இருபது யார்டு கூடுதல்' என்று தோன்ற வேண்டும், அதற்காகவே வருஷா வருஷம் லாஃப்ட் இறங்கியது. இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

விளைவு கீழ்ப்படியில் தெரியும். அந்த மாதிரி செட்டில் பிட்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரிக்கு வந்துவிடும். சாண்ட் வெட்ஜ் இன்னும் 56-இல் நிற்கிறது. நடுவில் 12 டிகிரி ஓட்டை. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நாலைந்து டிகிரி இருந்தால்தான் வசதி. அதனால் 49, 50 டிகிரியில் ஒரு கேப் வெட்ஜ் தனியாக வாங்க வேண்டிவரும். செட் விலையில் இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

11. வெட்ஜ்ல 56-க்குப் பக்கத்துல 10, 12ன்னு இன்னொரு நம்பர் இருக்கே, அது என்ன?

அது பவுன்ஸ். கிளப்பின் வயிறு எவ்வளவு உப்பியிருக்கிறது என்பதன் அளவு. உப்பல் அதிகம் இருந்தால் மணலிலும் ஈரத்தரையிலும் புதையாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். 1930-களில் அமெரிக்க வீரர் ஜீன் சராசன் வெட்ஜின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்துத் தேய்த்துச் செய்ததுதான் இன்றைய சாண்ட் வெட்ஜுக்கு முன்மாதிரி.

சென்னையில் இது பருவத்தைப் பொறுத்தது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தரை ஊறிக் கிடக்கும், 12 பவுன்ஸ் தெய்வம். ஏப்ரல், மே மாதத்தில் அதே தரை ஓடு மாதிரி இறுகும். அப்போது உப்பின வயிறு தரையில் குதித்து, பந்தின் மண்டையில் அடிக்கும். ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 56 டிகிரி, 10 பவுன்ஸ். 60 டிகிரி லாப் வெட்ஜ் வேண்டாம். டி.வி.யில் பார்க்கும் அந்த வானுயர ஷாட்டுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான மணி நேரம் இருக்கிறது.

12. பட்டர் எதுவானாலும் ஒண்ணுதானே?

ரவுண்டில் மற்ற எந்தக் கிளப்பையும்விட அதிக முறை கையில் எடுப்பது இதைத்தான், ஒரு கிரீனுக்கு இரண்டு என்றாலே 36. அதனால் இதைக் கடைசியில் மீதிப் பணத்தில் வாங்காதீர்கள். புதியது, பிரபலமானது என்று இருக்க வேண்டியதில்லை. நீளம் பொருந்த வேண்டும், அவ்வளவே. கடையில் வரும் 35 அங்குலம் நம்மில் பலருக்கு நீளம், 33 அல்லது 34-ஐப் பிடித்துப் பாருங்கள். கண் பந்துக்கு நேர் மேலே இருக்கிறதா என்று பார்க்க, மூக்குப் பாலத்திலிருந்து இன்னொரு பந்தைக் கீழே விடுங்கள். தரையில் உள்ள பந்தின் மேலோ, ஒட்டி உட்பக்கமோ விழ வேண்டும். எங்கள் குரூப்பில் அதிகம் ஜெயிப்பவர் வைத்திருப்பது கேடியிடம் வாங்கிய, பெயர்கூட அழிந்துபோன பட்டர்.

13. எந்தப் பந்து வாங்குறது? ஒரு பந்து நானூறு ரூபாயாமே!

ரவுண்டுக்கு நாலு பந்து தொலைக்கும் வரை நானூறு ரூபாய்ப் பந்தைத் தொடாதீர்கள். எல்லாப் பந்துக்கும் விதி ஒன்றே: விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. வித்தியாசம் தோலில். விலை உயர்ந்ததில் யூரித்தேன் தோல், கிரீன் பக்கத்தில் சின்ன ஷாட்டில் பிடித்து நிற்கும். மலிவான இரண்டு அடுக்குப் பந்தில் கெட்டியான தோல், நேராகப் போகும், சீக்கிரம் கிழியாது. நமக்கு அது போதும். குளத்திலிருந்து எடுத்துக் கழுவி விற்கும் பந்தில் தப்பில்லை, ரொம்ப நாள் ஊறியதென்றால் கொஞ்சம் தூரம் குறையும். முக்கியமாக ஒன்று: ஏதாவது ஒரே வகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹோலுக்கு ஒரு ரகம் மாற்றினால் பட்டிங்கில் கை குழம்பும்.

14. கை வேர்வையில கிளப் வழுக்குது. என்ன பண்றது?

மெல்லிய ஆட்டுத்தோல் கிளவ் சென்னையில் ஆறேழு ஹோலில் நனைந்து, மறுநாள் அப்பளமாகக் காய்ந்திருக்கும். செயற்கைத் துணி கலந்தது வாங்குங்கள். மூன்று வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள், நனைந்ததைப் பைக்குள் திணிக்காமல் வெளியே மாட்டுங்கள். மழை கிளவ் என்று ஒன்று உண்டு, நனைய நனையப் பிடிக்கும். மே மாதத்தில் வியர்வைக்கும் அது வேலை செய்கிறது. கடையில் ஒரு பொறி: வலது கை ஆட்டக்காரர் போடுவது இடது கையில். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து எடுங்கள்.

கிளப்பின் கிரிப்பையும் பாருங்கள். நூல் கலந்த கார்டு கிரிப் வேர்வைக்கு நல்லது, கைதான் கொஞ்சம் சொரசொரக்கும். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தால் பழைய கிரிப்பே பாதி உயிர் பெறும். நம் ஊர் வேர்வைக்கு வருஷம் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. இரட்டைப் பக்க டேப், கொஞ்சம் டர்பன்டைன், கிளப்பை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ் இருந்தால் மொட்டைமாடியில் நீங்களே செய்யலாம்.

15. ஹ்யூமிடிட்டி ஜாஸ்தி, காத்து கனமா இருக்கு, அதான் பந்து போகல. இதுக்கு ஏத்த கிளப் இருக்கா?

இந்த ஒரு சாக்கை நான் எல்லாரிடமும் கேட்டிருக்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். உண்மை தலைகீழ். நீராவி, காற்றில் உள்ள நைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும்விட இலேசானது. ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட மிகச் சிறிதளவு எடை குறைந்தது. சூட்டிலும் பந்து நன்றாகவே போகும். போகாதது நம் உடம்பு, பதினான்காவது ஹோலில் தண்ணீர் குடிக்காமல் சுற்றினால் எந்தக் கிளப்பும் உதவாது. மதியத்துக்குப் பக்கத்தில் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றுக்கு மட்டும் எதிர்த்து ஆடும்போது ஒரு நம்பர் குறைத்து எடுங்கள்.

நிஜமாகவே வித்தியாசம் தெரியும் இடம் ஊட்டி. 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து, பந்து ஏழெட்டு சதவீதம் கூடுதலாகப் போகும். இங்கே 140 போகும் கிளப் அங்கே 150. முதல் முறை போனபோது கிரீனைத் தாண்டித் தாண்டிப் பள்ளத்தில் போட்டேன்.

16. செட்டை கார் டிக்கியிலேயே வச்சிருக்கேன். தப்பா?

ஒரு மே மாதம் மூன்று நாள் டிக்கியில் கிடந்த என் 9 ஐயனை எடுத்து அடித்தேன். பந்து இருபது யார்டு போனது, கிளப் தலை முப்பது யார்டு போனது. எதிரே நின்றிருந்த கேடி குனிந்ததால் தப்பித்தார். தலையை ஷாஃப்டோடு ஒட்டியிருப்பது எப்பாக்ஸி பசை. வெயிலில் நிற்கும் காரின் சூடு நாளாவட்டத்தில் அதைத் தளர்த்தும், கிரிப்புக்கு அடியில் உள்ள டேப்பும் நழுவும். கேள்வி 3-இல் சொன்ன ஃபெரூல் இடைவெளி என் கிளப்பிலும் இரண்டு வாரமாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது, நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்குள் வைத்தாலும் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் என்றால் உப்புக் காற்று இருக்கிறது. முலாம் பூசாத வெட்ஜ் ஒரே மழைக்காலத்தில் பழுப்பாகிவிடும். மேல் துரு ஆட்டத்தைக் கெடுக்காது, ஆனால் பார்க்கப் பிடிக்காதவர்கள் துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வைக்கலாம். முகத்தில் மட்டும் விளையாடும் முன் துடைத்துவிடுங்கள். ஈரமான தலையுறையை மாட்டி வைக்காதீர்கள்.

17. மனைவியும் கத்துக்கணும்ங்கறாங்க. லேடீஸ் செட்தான் வாங்கணுமா? பையனுக்கு என் பழசை வெட்டிக் கொடுக்கலாமா?

லேடீஸ் செட் என்பது இலேசான, நன்றாக வளையும், சுமார் ஓர் அங்குலம் குட்டையான கிளப்தான். சராசரி உயரம், புதுசாக ஆரம்பிக்கிறார் என்றால் பொருந்தும். உயரமானவர், டென்னிஸோ பேட்மின்டனோ ஆடியவர் என்றால் ஆண்களின் சீனியர் ஷாஃப்ட் சரியாக இருக்கும். நிறத்தைப் பார்த்து வாங்கிக் கொடுக்காமல், அவரையே கூட்டிப்போய் அடிக்க விடுங்கள்.

பையனுக்கு வெட்டிக் கொடுக்காதீர்கள். கேள்வி 7-இல் சொன்னபடி வெட்டினால் ஷாஃப்ட் விறைக்கும், தலையின் கனமும் பெரியவர்களுக்கானது. குழந்தை அதைத் தூக்க உடம்பை வளைத்துப் பழகிவிடும், பிறகு திருத்துவது கஷ்டம். சிறுவர் கிளப் மூன்று போதும், வளர்ந்ததும் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

18. ஆன்லைன்ல புது டிரைவர் பாதி விலைக்கு வருது. எடுக்கலாமா?

இந்த வருஷ மாடல் பாதி விலைக்கு என்றால் போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கையில் கிடைத்தால் ஃபிரிட்ஜ் காந்தத்தை முகத்தில் வையுங்கள். டைட்டேனியத்தில் காந்தம் ஒட்டாது. டைட்டேனியம் என்று சொல்லி விற்ற முகத்தில் ஒட்டிக்கொண்டால் சந்தேகமே வேண்டாம். திருகும் எடைக்கட்டியில் ஒட்டுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஷாஃப்ட் நுழையும் கழுத்துப் பகுதியில் வரிசை எண் பொறித்திருக்க வேண்டும், எழுத்துக்களில் ஊற்றிய பெயிண்ட் பிசிறில்லாமல் இருக்க வேண்டும். போன வருஷத்துக்கு முந்தைய மாடல், பில்லோடு, குறைந்த விலைக்கு வந்தால் தாராளமாக எடுங்கள்.

19. ரேஞ்ச்ஃபைண்டர், ஷூ, டிரெஸ்... இதெல்லாம்?

தூரம் அளக்கும் லேசர் கருவி நல்லதுதான், ஆனால் மேடு பள்ளத்தைக் கணக்கிடும் வசதிக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். சென்னை தட்டை, போட்டியில் அந்த வசதியைப் பயன்படுத்தவும் விதி அனுமதிக்காது. ஷூவில் தண்ணீர் புகாதது வாங்குங்கள், புல் காலை ஏழு மணிக்கே நனைந்திருக்கும். உடைக்கு காலர் வைத்த டி-ஷர்ட், சாதாரண பேண்ட். ஜீன்ஸ், வட்டக் கழுத்தை விடமாட்டார்கள். வேட்டி கட்டி வந்தவரைத் தடுக்கக் கூடாது என்று 2014-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. ஆனால் வேட்டியோடு ஒரு முறை டிரைவரை முழுசாகச் சுற்றிப் பாருங்கள், நீங்களே பேண்ட் போட்டுக்கொள்வீர்கள்.

20. ஃபிட்டிங் பண்ணினா ஸ்லைஸ் போயிடுமா?

முழுசாகப் போகாது. ஃபிட்டிங் என்பது கிளப்பை ஆளுக்கு ஏற்ப அளந்து பொருத்துவது. ஸ்லைஸ், அதாவது பந்து வலது பக்கம் வளைவதற்குக் காரணம், அடிக்கும் நொடியில் முகம் கிளப் போகும் பாதைக்குத் திறந்திருப்பது. கிரிப் பிடிப்பதைச் சரிசெய்தாலே பாதி குறையும், அதற்குத்தான் கேள்வி 4-இல் பயிற்சிக்கு மூன்று பங்கு ஒதுக்கச் சொன்னேன். பொருந்தாத ஷாஃப்ட், தட்டையான லை இருந்தால் ஃபிட்டிங் அந்தக் கூடுதல் தொல்லையை எடுத்துவிடும். ஹீல் பக்கம் எடை வைத்த டிரைவரும் கொஞ்சம் உதவும்.

எப்போது போவது என்றால், ஆறு மாதம் ஆடிய பிறகு. போகும்போது நல்ல நாள் ஸ்விங்கைக் காட்ட நினைக்காதீர்கள். முதல் இருபது பந்தில் முறுக்கிக்கொண்டு வேகமாகச் சுற்றினால் எஸ் ஷாஃப்டைத் தலையில் கட்டி அனுப்புவார்கள். இன்னொன்று, ரேஞ்சில் பாயின் மேல் அடிக்கும்போது கிளப் பந்துக்குப் பின்னால் பட்டாலும் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்துவிடும், ரேஞ்ச் பந்தும் சாதாரணப் பந்தைவிடக் குறைவாகப் போகும். அதனால் அங்கே கிடைத்த தூரத்தை வைத்து முடிவு செய்யாமல், ஒரு கிளப்பையாவது புல்லில் அடித்துப் பார்க்கக் கேளுங்கள்.

21. போட்டியில மூணாவது ஹோல்ல பாத்தா பையில 15 கிளப். பையனோட வெட்ஜ் உள்ள கிடந்துது. இப்ப என்ன ஆகும்?

கேள்வி 1-இல் சொன்ன 14-இன் மறுபக்கம் இது. ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் போட்டி) 15 வைத்துக்கொண்டு ஆடிய ஒவ்வொரு ஹோலுக்கும் இரண்டு ஸ்ட்ரோக் அபராதம், ஒரு ரவுண்டுக்கு அதிகபட்சம் நான்கு. மூன்றாவது ஹோலில் கண்டுபிடித்தால் முதல் ஹோலுக்கு இரண்டு, இரண்டாவதுக்கு இரண்டு, அதோடு நின்றுவிடும். மேட்ச் பிளேயில் (ஹோல் ஹோலாக ஜெயிக்கும் போட்டி) இப்படி ஒவ்வொரு ஹோலுக்கும் ஒரு ஹோல் கழிப்பார்கள், அதிகபட்சம் இரண்டு. அந்த வெட்ஜால் ஒரு பந்துகூட அடிக்கவில்லையே என்ற வாதம் எடுபடாது.

கண்டதும் அடுத்த ஷாட்டுக்கு முன்பே, எந்தக் கிளப்பை விலக்குகிறேன் என்று கூட ஆடுபவரிடம் சொல்லி, பையில் தலைகீழாகச் செருகிவிடுங்கள். அந்த ரவுண்டு முடியும் வரை அதைத் தொடக் கூடாது. முதல் ஹோலைத் தொடங்கும் முன் கேடியோடு சேர்ந்து ஒரு முறை எண்ணிவிடுவது என் பழக்கம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு போட்டியில் எண்ணியபோது 13 வந்தது. பட்டர் மாம்பலத்தில், வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது.